மலையேறிய படகு எஞ்சின்: அறிகுறியைக் கொண்டு பழுதை அறியும் வழிமுறை

மேட்டூர் அணை நிரம்பி நிற்கும்போது அதன் நீர்மட்டம் கடல் மட்டத்திலிருந்து 790 அடி உயரத்தில் இருக்கிறது. பூலாம்பட்டிக்கும் நெரிஞ்சிப்பேட்டைக்கும் இடையே ஆள் ஏற்றிச் செல்லும் மோட்டார் படகுகள் அதைவிடத் தாழ்வான காவிரியில் ஓடுகின்றன. ஏற்காடு ஏரி 1,300 மீட்டரைத் தாண்டிய உயரத்தில் இருக்கிறது. ஊட்டி ஏரியோ ஏறத்தாழ 2,240 மீட்டரில், அதாவது 7,300 அடிக்கும் மேலே இருக்கிறது. காலையில் சமவெளியில் வண்டியில் ஏற்றிய எஞ்சினை மாலைக்குள் மலையில் இறக்கிவிடக்கூடிய தூரத்துக்குள் இவ்வளவு பெரிய உயர வேறுபாடு அமைந்திருப்பதால், கீழே ஒழுங்காக ஓடிய எஞ்சின் மேலே முரண்டு பிடிப்பதும், மேலே சரிசெய்யப்பட்ட எஞ்சின் கீழே வந்து கெடுவதும் கொங்கு நாட்டில் படகு வைத்திருப்போர் எதிர்பார்க்க வேண்டிய சங்கதிகள்.

“ஏனுங்க, மேல கொண்டுபோனா இழுவையே இல்லீங்க” என்று படகோட்டி சொல்லும் ஒரு வாக்கியத்துக்குள் ஐந்தாறு வெவ்வேறு பழுதுகள் ஒளிந்திருக்கலாம். அவற்றுள் உயரத்தால் வருவது ஒன்றுதான். அது எவ்வளவு இருக்கும் என்பதையும் முன்கூட்டியே கணக்கிட்டுவிடலாம். கணக்குக்கு மேல் காணும் இழப்பு எதுவானாலும் அதை மலையின் தலையில் போடக் கூடாது. இந்த வழிமுறை முழுவதும் அந்தக் கழித்தல் கணக்கையே அடிப்படையாகக் கொண்டது.

கணக்கு இதுதான். டர்போ (காற்றை அமுக்கி உள்ளே தள்ளும் கருவி) இல்லாத எஞ்சின் ஒவ்வொரு 1,000 அடி உயரத்துக்கும் தன் திறனில் ஏறத்தாழ 3 சதவீதத்தை இழக்கிறது. உயரம் கூடக் கூடக் காற்றழுத்தம் குறைகிறது. சிலிண்டர் ஒவ்வொரு முறையும் அதே கன அளவுக் காற்றைத்தான் உறிஞ்சுகிறது என்றாலும் அந்தக் காற்றின் எடை குறைந்துவிடுகிறது. எரிவதற்கு ஆக்சிஜன் குறைவதால் விசையும் குறைகிறது. மேட்டூரிலிருந்து ஊட்டி ஏரிக்கு ஏறத்தாழ 6,500 அடி ஏற்றம் என்பதால் இழப்பு 20 சதவீதத்தை ஒட்டி இருக்கும். 40 குதிரைத்திறன் எஞ்சின் அங்கே 32 குதிரைத்திறன் எஞ்சினாகிவிடும். ஏற்காட்டுக்கு இழப்பு 11 சதவீத அளவில் நிற்கும். புரொப்பல்லர் தள்ளுவது தண்ணீரை. தண்ணீரின் அடர்த்தியோ மலையேறினாலும் மாறுவதில்லை. எஞ்சின் மெலிந்துவிட்டது, அது சுமக்கும் சுமை அப்படியே இருக்கிறது என்பதுதான் சிக்கலின் வேர்.

வெயிலும் இந்தக் கணக்கில் சேரும். சித்திரை நடுப்பகலில் 38 பாகை செல்சியஸ் வெப்பத்தில் மேட்டூர்க் காற்று ஏற்கெனவே நன்றாக மெலிந்திருக்கும். அதனோடு 12 பாகையில் இருக்கும் ஊட்டிக் காற்றை ஒப்பிட்டால் அடர்த்தி வேறுபாடு ஏறத்தாழ ஏழில் ஒரு பங்குதான். அதே மேட்டூரில் மார்கழி விடியற்காலையில் எடுத்த அளவோடு ஒப்பிட்டால் வேறுபாடு ஐந்தில் ஒரு பங்கை நெருங்கும். ஆகவே கீழே எடுத்த அளவு எந்த நேரத்தில், எந்த வெப்பநிலையில் எடுக்கப்பட்டது என்பதைக் குறித்து வைக்காமல் மேலே எடுத்த அளவோடு ஒப்பிடுவது பயனற்றது. அணையின் நீர்மட்டம் ஏறி இறங்குவதால் எஞ்சின் திறன் மாறுகிறது என்று சிலர் சொல்வதுண்டு. மேட்டூரின் முழு 120 அடியும் வற்றினாலும் அதன் விளைவு அரை சதவீதத்தைக்கூட எட்டாது.

மலையேற்றுவதற்கு முன்பு கீழேயே ஒரு முறை வழக்கமான பாரத்தோடு படகை ஓட்டி, முழு ஆக்சிலரேட்டரில் எஞ்சின் எட்டும் சுற்று, கைப்பேசியின் ஜி.பி.எஸ். காட்டும் வேகம், புரொப்பல்லரின் மேல் பொறித்திருக்கும் விட்டம், பிட்ச் (ஒரு சுற்றில் நழுவாமல் முன்னேறக்கூடிய தூரம்) ஆகியவற்றை எழுதிக்கொள்ள வேண்டும். எஞ்சின் கையேட்டில் முழு ஆக்சிலரேட்டருக்கான சுற்று வரம்பு தரப்பட்டிருக்கும். இன்றைய ஃபோர் ஸ்ட்ரோக் அவுட்போர்டு (படகின் பின்பலகையில் மாட்டும்) எஞ்சின்கள் பலவற்றுக்கு அது நிமிடத்துக்கு 5,000 முதல் 6,000 வரை. கீழே சொல்லப்படுபவை எல்லாம் இந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு பார்க்க வேண்டியவை.

முழு ஆக்சிலரேட்டரிலும் சுற்று ஏறவில்லை

மேலே முதலில் காணும் குறை பெரும்பாலும் இதுவே. இதில் பாதி இயல்பானது, பாதி பழுதாக இருக்கலாம். எவ்வளவு குறைவது இயல்பு என்பதை அறிய ஒரு சுருக்கு வழி உண்டு. புரொப்பல்லரைச் சுழற்றத் தேவைப்படும் முறுக்குவிசை சுற்றின் இருமடிக்கு ஏற்ப உயர்வதால், எஞ்சின் முறுக்குவிசை ஐந்தில் ஒரு பங்கு குறைந்தால் சுற்று ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குதான் குறையும். மேட்டூரில் 5,600 சுற்று காட்டிய எஞ்சின் அதே புரொப்பல்லரோடு ஊட்டியில் 5,000 முதல் 5,100 வரை காட்ட வேண்டும். ஏற்காட்டில் 5,300-ஐ ஒட்டிக் காட்ட வேண்டும்.

ஊட்டியில் டாக்கோமீட்டர் (சுற்றைக் காட்டும் மானி) 5,000 காட்டினால் எஞ்சினைத் தொட வேண்டியதில்லை. புரொப்பல்லர் தேர்வு பற்றிய பகுதிக்கு நேராகச் சென்றுவிடலாம். அது 4,300-இல் நின்றுவிட்டால் குறையும் 700 சுற்றுக்கு மலை பொறுப்பல்ல. அப்போது எளிதானவற்றிலிருந்து தொடங்கிப் பார்க்க வேண்டும். எஞ்சினை நிறுத்தி, பாதுகாப்புக் கயிற்றையும் ஸ்பார்க் பிளக் வயர்களையும் கழற்றிவிட்ட பிறகே புரொப்பல்லர் அருகே கை வைக்க வேண்டும் என்பதை எத்தனை முறை சொன்னாலும் தகும்.

ஒருவர் கைப்பிடியை முழுவதும் தள்ளிப் பிடித்திருக்க, மற்றொருவர் எஞ்சின் மூடியைத் திறந்து, கார்ப்புரேட்டரின் (காற்றோடு பெட்ரோலைக் கலக்கும் பகுதி) காற்று வழியைத் திறந்து மூடும் த்ராட்டில் தகடு உண்மையில் முழுமையாகத் திறக்கிறதா என்று பார்க்க வேண்டும். வண்டியில் ஏற்றி இறக்கும்போது கேபிள் பிடியிலிருந்து நழுவுவது சாதாரணமாக நடப்பது. பிறகு படகின் அடிப்பக்கத்தில் நீர் புகுந்து பாரம் கூடியிருக்கிறதா, புரொப்பல்லர் தண்டில் ஆகாயத்தாமரை வேரோ தூண்டில் நரம்போ சுற்றியிருக்கிறதா என்று காண வேண்டும். நரம்பு சுற்றியிருந்தால் புரொப்பல்லரைக் கழற்றித் தண்டின் எண்ணெய் சீலையும் பார்த்துவிடுவது நல்லது. சீல் அறுபட்டு கியர் எண்ணெயில் தண்ணீர் கலந்தால் அந்த எண்ணெய் மோர் நிறத்துக்கு மாறியிருக்கும். இவை எல்லாம் சரியாக இருந்தும் சுற்று ஏறாவிட்டால் அடுத்த ஐயம் எரிபொருள் கலவை மேல் விழ வேண்டும்.

கறுப்புப் புகை, பெட்ரோல் வாடை, கரி படிந்த பிளக்

கார்ப்புரேட்டர் எஞ்சின்களில் இது மலைக்கே உரிய குறை. கார்ப்புரேட்டர் காற்றின் எடையை அறியாது. காற்று ஓடும் வேகத்துக்கு ஏற்பப் பெட்ரோலைக் கொடுத்துவிடும். காற்றின் அடர்த்தி ஐந்தில் ஒரு பங்கு குறைந்தால் கலவையில் பெட்ரோலின் பங்கு ஏறத்தாழ 12 சதவீதம் கூடிவிடும். எரியாத பெட்ரோல் புகையாகவும் கரியாகவும் வெளிவரும். எஞ்சின் நடுச் சுற்றில் இழுத்து இழுத்து ஓடும். ஐடிலில் (ஆக்சிலரேட்டர் கொடுக்காமல்) விட்டால் சிறிது நேரத்தில் நின்றுவிடும். பிளக்கைக் கழற்றிப் பார்த்தால், இளம் காப்பித்தூள் நிறத்தில் இருக்க வேண்டிய முனை கன்னங்கரேலென்று ஈரமாகவோ புகைக்கரி படிந்தோ இருக்கும்.

பிளக்கை மட்டும் புதிதாகப் போட்டால் அன்றைக்கு நன்றாக ஓடி மறுபடியும் அடைத்துக்கொள்ளும். மாற்ற வேண்டியது கார்ப்புரேட்டரின் மெயின் ஜெட்டை, அதாவது பெட்ரோலை அளந்து விடும் நுண்துளை கொண்ட சிறு பாகத்தை. எந்த உயரத்துக்கு எந்த எண் ஜெட் என்ற அட்டவணையை எஞ்சின் தயாரிப்பாளர்கள் தருகிறார்கள். எவ்வளவு சிறிய மாற்றம் என்பதை உணர்வதற்காகச் சொல்வதானால், துளையின் விட்டம் 1 மி.மீ. இருக்கும் ஜெட்டுக்குப் பதிலாக ஊட்டியில் 0.95 மி.மீ. அளவே போதும். இவ்வளவு நுண்ணிய வேறுபாடு என்பதால்தான், பழைய ஜெட்டின் துளையை ஈயத்தால் அடைத்துப் பட்டறையில் மறுபடி துளையிடும் கைவேலையை நான் ஏற்பதில்லை. கோயம்புத்தூர் லேத்துப் பட்டறைகளில் அதைவிட நுட்பமான வேலைகள் நடக்கின்றன என்பது உண்மை. ஆனால் ஜெட்டின் துளைக்கு விட்டம் மட்டுமல்ல, வாயின் சரிவும் உட்புற மழமழப்பும் ஓட்டத்தைத் தீர்மானிக்கின்றன. எண் பொறித்த புது ஜெட்டின் விலையோ அற்பம்.

ஜெட்டை மாற்றுவதால் கலவை ஒழுங்குக்கு வரும், புகை நிற்கும், பெட்ரோல் மிச்சமாகும். ஆனால் உயரம் எடுத்துக்கொண்ட 20 சதவீதம் திரும்பி வராது. எலக்ட்ரானிக் ஃபியூயல் இஞ்செக்‌ஷன் உள்ள எஞ்சின்களில் காற்றழுத்த சென்சார் கலவையைத் தானே திருத்திக்கொள்ளும் என்பதால் அவற்றில் கறுப்புப் புகை வந்தால் சென்சாரையோ இஞ்செக்டரையோ ஐயுற வேண்டும், மலையை அல்ல. அவற்றுக்கும் திறன் இழப்பு அதே அளவுதான். அதிக ஆக்டேன் பெட்ரோல் போட்டால் இழப்பு ஈடாகும் என்ற நம்பிக்கையில் பொருளில்லை. உயரத்தில் சிலிண்டருக்குள் அழுத்தம் குறைவதால் எஞ்சினுக்குத் தேவைப்படும் ஆக்டேன் கூடுவதில்லை, குறையவே செய்கிறது.

டர்போ இல்லாத டீசல் எஞ்சின் கறுப்புப் புகை தள்ளுவதற்கும் காரணம் இதுவே. பம்ப் அதே அளவு டீசலைச் செலுத்துகிறது, காற்று போதவில்லை. முழுப் பாரத்தில் செலுத்தும் அளவை அனுபவமுள்ள டீசல் பம்ப் மெக்கானிக் குறைத்து வைக்க வேண்டும். குறைக்காமல் ஓட்டினால் வெளியேறும் வாயுவின் வெப்பம் கூடி வால்வும் பிஸ்டனும் பாதிக்கப்படும்.

காலையில் ஸ்டார்ட் ஆகவில்லை, பெட்ரோல் வழிகிறது

இதற்கு ஒரு விசித்திரமான காரணம் உண்டு. மேட்டுப்பாளையத்தில் பெட்ரோல் நிரப்பி, காற்றுத் திருகை இறுக மூடிய படகுக் கேன் ஊட்டியை அடையும்போது பக்கவாட்டில் உப்பியிருக்கும். கேனுக்குள் கீழ்நாட்டுக் காற்றழுத்தம், வெளியே அதைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்த அழுத்தம். அப்படியே குழாயை எஞ்சினோடு பொருத்தினால் பெட்ரோல் தானாகவே பாய்ந்து கார்ப்புரேட்டரின் ஊசி வால்வைத் தள்ளித் திறந்து எஞ்சினை நனைத்துவிடும். குழாயைப் பொருத்துவதற்கு முன், பீடியும் தீயும் இல்லாத திறந்த வெளியில் காற்றுத் திருகை மெல்லத் தளர்த்தி அழுத்தத்தை வெளியேற்றிவிட்டால் இந்தக் குறை எழாது. இறங்கும்போது நேர்மாறாக நடக்கும்: மலையில் மூடிய கேன் கீழே ஒடுங்கிப்போகும், திருகைத் திறக்காமல் ஓட்டினால் எஞ்சின் சிறிது தூரம் ஓடிப் பெட்ரோலின்றி நின்றுவிடும்.

ஏற்கெனவே நனைந்துவிட்ட எஞ்சினுக்குச் சோக்கை இழுப்பது எரிகிற தீயில் எண்ணெய் வார்ப்பது போலத்தான். சோக்கை இழுக்காமல் விட்டு, ஆக்சிலரேட்டரை முழுவதும் திறந்து, பிளக்குகளைக் கழற்றித் துடைத்து உலர்த்தி, நனைந்த சிலிண்டரிலிருந்து எழுந்த ஆவி கலைந்த பிறகே மறுபடி முயல வேண்டும். பிளக் உலர்ந்திருந்தும் ஸ்டார்ட் ஆகவில்லை என்றால் பேட்டரியைப் பார்க்க வேண்டும். உறைபனி விழும் ஊட்டிக் காலைகளில் சமவெளிப் பேட்டரியின் வலு குறைந்துவிடும். எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தை உறிஞ்சும் தன்மையுடையது என்பதால், மழைக்காலம் முழுவதும் படகுக் கேனில் கிடந்த பெட்ரோலைக் கொண்டு எந்தச் சோதனையும் செய்யாதிருப்பது நல்லது.

கம்ப்ரஷன் குறைவாகக் காட்டுகிறது

கம்ப்ரஷன் என்பது சிலிண்டருக்குள் காற்று அமுங்கும்போது எழும் அழுத்தம். நல்ல எஞ்சினை வீணாகப் பிரித்துப்போட வைக்கும் பொறி இது. கையேடு 150 பி.எஸ்.ஐ. என்று சொல்ல, ஊட்டியில் அளவுமானி 115 பி.எஸ்.ஐ. அளவில் நின்றால் பிஸ்டன் ரிங் தேய்ந்துவிட்டது என்று முடிவுகட்டத் தோன்றும். சிலிண்டர் அமுக்குவதே மெலிந்த காற்றை என்பதால் அமுக்கிய பின்னும் அழுத்தம் அதே விகிதத்தில் குறைவாகத்தான் இருக்கும்; கடல் மட்டத்தில் 150 காட்டும் எஞ்சின் அங்கே 115 காட்டுவது நலமான எஞ்சினின் அடையாளம். மலையில் கையேட்டு எண்ணை மறந்துவிட்டு ஒரு சிலிண்டரை மற்றொன்றோடு ஒப்பிட வேண்டும். எல்லாம் ஒன்றுக்கொன்று பத்து சதவீதத்துக்குள் இருந்தால் எஞ்சினைப் பிரிக்க வேண்டாம். ஒன்று மட்டும் தனியாகத் தாழ்ந்திருந்தால் அந்த சிலிண்டரில் உண்மையான பழுது இருக்கிறது.

சுற்று ஏறுகிறது, படகு நகரவில்லை

முதல் குறைக்கு இது நேரெதிர். உயரத்துக்கும் இதற்கும் கிட்டத்தட்டத் தொடர்பே இல்லை. எஞ்சின் கத்துகிறது, டாக்கோமீட்டர் மேலே போகிறது, படகோ ஊர்கிறது என்றால் புரொப்பல்லர் தண்ணீரைப் பிடிக்கவில்லை. எவ்வளவு பிடிக்கவில்லை என்பதை அறியச் சுற்றைப் பிட்ச் அங்குலத்தால் பெருக்கி, அதை 0.001524-ஆல் பெருக்கி, கியர் விகிதத்தால் (புரொப்பல்லர் ஒரு முறை சுற்ற எஞ்சின் எத்தனை முறை சுற்றுகிறது என்ற எண்) வகுக்க வேண்டும். கிடைப்பது நழுவலே இல்லாவிட்டால் படகு செல்ல வேண்டிய வேகம், மணிக்குக் கிலோமீட்டரில். 13 அங்குலப் பிட்சும் 2-க்கு 1 கியர் விகிதமும் கொண்ட எஞ்சின் 5,600 சுற்றில் ஓடினால் இது 55 கிலோமீட்டர். ஜி.பி.எஸ். 45 காட்டினால் நழுவல் 18 சதவீதம். நீரின் மேல் எழும்பி ஓடும் சிறு படகுக்கு இது இயல்பு.

தண்ணீர் மாறவில்லை என்பதால், படகு எழும்பி ஓடும் நிலையில் நழுவல் கீழேயும் மேலேயும் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்க வேண்டும். அது திடீரென்று 35, 40 சதவீதத்தைத் தொட்டால், புரொப்பல்லரின் நடுவிலுள்ள ரப்பர் புஷ் தண்டோடு சேர்ந்து சுற்றாமல் வழுக்குகிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். புஷ்ஷுக்கும் புரொப்பல்லர் உட்கூட்டுக்கும் குறுக்கே சாக்பீஸால் ஒரு கோடு இழுத்து, ஓட்டிப் பார்த்த பின் கோடு இரண்டாகப் பிரிந்து விலகியிருந்தால் ஐயம் தீர்ந்தது. கோடு விலகவில்லை என்றால் எஞ்சின் படகின் பின்பலகையில் உயரமாக மாட்டப்பட்டு, மேற்பரப்புக் காற்றைப் புரொப்பல்லர் உள்ளிழுக்கிறதா என்று காண வேண்டும். திரும்பும்போது மட்டும் சுற்று எகிறுவது இதன் அறிகுறி.

புரொப்பல்லர் அலகின் (இறக்கையின்) முகத்தில் அம்மை வடு போலப் பள்ளங்கள் தெரிந்தால் அது நீர் கொதித்து உடையும் குமிழிகளின் வேலை. காற்றழுத்தம் குறைந்த மலை ஏரியில் இந்தக் குமிழிகள் சற்று எளிதாகத் தோன்றும் என்றாலும், நீர் குளிர்ந்திருப்பது அதைச் சிறிதளவு ஈடுசெய்யும். வளைந்த அல்லது விளிம்பு சிதைந்த அலகுதான் பெரும்பாலும் உண்மையான காரணம்.

எஞ்சின் சூடாகிறது

ஊட்டி உயரத்தில் தண்ணீர் ஏறத்தாழ 92, 93 பாகையிலேயே கொதித்துவிடும். அவுட்போர்டு எஞ்சின் அதற்கு வெகு கீழேயே இயங்குவதால் நலமான எஞ்சினுக்கு இது பொருட்டல்ல. ஆனால் இம்பெல்லர் (குளிர்விக்கும் நீரை உந்தும் பம்பின் சக்கரம்) தேய்ந்து, சமவெளியில் தட்டுத்தடுமாறி ஓடிக்கொண்டிருந்த எஞ்சினுக்கு அந்த ஏழெட்டுப் பாகை இடைவெளியும் போய்விடும். பின்னால் பீச்சும் நீர்த்தாரை மெலிந்திருந்தால் வேறெதையும் ஆராயாமல் இம்பெல்லரை மாற்றிவிடலாம்.

பாரம் ஏற்றினால் படகு எழும்பவில்லை: புரொப்பல்லர் தேர்வு

எஞ்சினில் பழுதில்லை, கலவை சரி, சுற்று கணக்குப்படியே குறைந்திருக்கிறது என்று உறுதியான பிறகுதான் புரொப்பல்லரை மாற்றுவது பற்றி யோசிக்க வேண்டும். இந்த வரிசையைத் தலைகீழாக்கிப் பணத்தை விரயம் செய்பவர்கள் அதிகம். அடைத்த பிளக்கோடு ஓடும் எஞ்சினுக்கு ஏற்பப் புரொப்பல்லர் வாங்கினால், பிளக்கை மாற்றிய நாளில் அந்தப் புரொப்பல்லர் தவறானதாகிவிடும்.

பிட்ச் என்பது ஒரு சுற்றில் புரொப்பல்லர் நழுவாமல் முன்னேறக்கூடிய தூரம், அங்குலத்தில். பிட்சை ஓர் அங்குலம் குறைத்தால் முழு ஆக்சிலரேட்டர் சுற்று ஏறத்தாழ 150 முதல் 200 வரை உயரும். ஏற்றத்தில் இழுக்காத லாரியை நாமக்கல் ஓட்டுநர் ஒரு கியர் இறக்கிப் பிடிப்பதற்கு ஒப்பானது இது: எஞ்சினின் பலம் கூடவில்லை, இருக்கும் பலம் வீணாகாத சுற்றுக்கு எஞ்சின் வந்துசேர்கிறது. முன்பு சொன்ன எடுத்துக்காட்டில் 13 அங்குலப் பிட்சோடு 5,000 சுற்றில் நிற்கும் எஞ்சினுக்கு 11 அங்குலம் போட்டால் 5,300 முதல் 5,400 வரை சுற்று கிடைக்கும். ஐந்தாறு பேரை எப்போதும் ஏற்றிச் செல்லும் படகென்றால் 10 அங்குலமும் தகும். ஏற்காட்டுக்கு ஓர் அங்குலம் குறைப்பதே போதுமானது. பவானிசாகரிலோ ஆழியாறிலோ உயரத்தை முன்னிட்டு எதையும் மாற்ற வேண்டியதில்லை.

குறைத்த பிட்சால் கிடைப்பது, நின்ற நிலையிலிருந்து படகு எழும்பும் விரைவும் எஞ்சினின் நலமும்தான். கீழே 45 கிலோமீட்டரில் பறந்த படகை அதே வேகத்தில் மேலே பறக்க வைக்கும் புரொப்பல்லர் கிடையாது. அப்படிச் சொல்லி விற்பவரிடம் வாங்க வேண்டாம். ஆனாலும் மாற்றாமல் விடுவதும் சரியல்ல. சுற்று வரம்பின் அடிமட்டத்துக்குக் கீழே முழு ஆக்சிலரேட்டரில் நாள் முழுவதும் உழலும் எஞ்சினில் தாங்கிகளின் மேல் சுமை கூடும், கரி படியும், சூடும் ஏறும்.

மூன்று அலகுக்குப் பதிலாக நான்கு அலகுப் புரொப்பல்லர் போடலாமா என்ற கேள்வி எழும். நான்கு அலகு தண்ணீரை இறுகப் பிடிக்கும், பாரத்தோடு எழும்பும். ஆனால் அதே பிட்சில் சுற்றை இன்னும் 50 முதல் 100 வரை தாழ்த்திவிடும். ஏற்கெனவே சுற்றுக்குத் தவிக்கும் மலை எஞ்சினுக்கு நான்கு அலகு வேண்டுமென்றால் பிட்சை மேலும் ஓர் அங்குலம் குறைத்தே வாங்க வேண்டும். என் முடிவு: வாடகைக்கு ஓடும், அடிக்கடி கரை தட்டும் படகுக்கு மூன்று அலகு அலுமினியமே போதும், கட்டையில் மோதினால் அலகு வளையும், கியர் தப்பிக்கும்.

நீரைக் கிழித்து மெதுவாகச் செல்லும் கனத்த பயணிகள் படகின் கதை வேறு. அது நீரின் மேல் எழும்புவதே இல்லை. அதன் வேகம் திறனின் மும்மடி வேருக்கு ஏற்பவே மாறுவதால், 20 சதவீதத் திறன் போனாலும் வேகம் 7 சதவீத அளவில்தான் குறையும். ஆகையால் அத்தகைய படகு மலையில் பாதி வேகத்தில் ஊர்கிறது என்று யாராவது முறையிட்டால் பழுதைத் தேட வேண்டும், புரொப்பல்லரை அல்ல. அதற்குப் புரொப்பல்லர் மாற்றுவதாக இருந்தால் விட்டம் பெரிதாகவும் பிட்ச் சிறிதாகவும் உள்ளதே ஏற்றது. பேட்டரியில் ஓடும் மோட்டாருக்கு உயரத்தால் பொருட்படுத்தத்தக்க இழப்பில்லை. மிதிபடகில் மூச்சு வாங்குவது மிதிப்பவருக்கு மட்டும்தான்.

கீழே இறங்கிய பிறகு சுற்று எகிறுகிறது, எஞ்சின் தட்டுகிறது

மலையில் செய்த மாற்றங்களோடு படகை மேட்டூருக்குக் கொண்டுவருவது, மாற்றாமல் மலையேற்றுவதைவிட ஆபத்தானது. ஊட்டிக்கென்று போட்ட சிறிய ஜெட் கீழே தேவையான பெட்ரோலைக் கொடுக்காது. பெட்ரோல் குறைந்த கலவை அதிக வெப்பத்தில் எரிந்து, முழு ஆக்சிலரேட்டரில் பிஸ்டனின் தலையில் ஓட்டை விழும் அளவுக்குப் போகக்கூடும். டூ ஸ்ட்ரோக் எஞ்சினில் எண்ணெயும் பெட்ரோலோடு சேர்ந்தே வருவதால் மசகும் குறைந்துவிடும். 11 அங்குலப் புரொப்பல்லர் கீழே எஞ்சினை 5,900, 6,000 சுற்றுக்குத் தள்ளும். பாரம் குறைந்த நேரத்தில் வரம்பைத் தாண்டும். சுற்றை வரம்புக்கு மேல் போகவிடாமல் தடுக்கும் கருவி உள்ள எஞ்சின் விட்டு விட்டு ஓடி எச்சரிக்கும், இல்லாதது எச்சரிக்காது.

எனவே கீழே வந்ததும் முதலில் ஜெட்டை மாற்ற வேண்டும், அதுவும் எஞ்சினைத் தண்ணீரில் ஓட்டிப் பார்ப்பதற்கு முன்பே, புரொப்பல்லர் அடுத்தது. இரண்டையும் மாற்றிய பின் முழு ஆக்சிலரேட்டரில் சில நிமிடம் ஓட்டி, அப்படியே எஞ்சினை அணைத்துப் பிளக்கைக் கழற்றிப் பார்க்க வேண்டும். முனை வெளுத்தோ, பொடிப்பொடியாக உலோகத் துளி ஒட்டியோ இருந்தால் எஞ்சினை மறுபடி ஓட்டாமல் மெக்கானிக்கிடம் கொண்டுபோக வேண்டும். பழைய காப்பித்தூள் நிறத்தில் இருந்து, சுற்றும் மலையேறுவதற்கு முன் தாளில் எழுதிய எண்ணோடு ஒத்துவந்தால் படகில் ஆள் ஏற்றலாம்.